மூன்று சைபரை அழித்த முத்திரை



போன மாதம் என் பழைய நோட்டு ஆல்பத்திலிருந்து இரண்டு பிரேசில் நோட்டுகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். கீழே வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "சார், இதுக்கு இப்ப என்ன விலை கிடைக்கும்?" என் தம்பி மகனும் அதையே கேட்டிருந்தான். 'சார்' என்ற இடத்தில் 'பெரியப்பா' என்று போட்டிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த தென் அமெரிக்க நோட்டுகள் பெரும்பாலும் கணக்கு வழக்கில்லாமல் அச்சானவை. மடிப்புகூட விழாத புது நோட்டே பல சமயம் ஓர் ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் வந்துவிடும். ஆனால் அவை ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்று கேட்டால், அங்கேதான் சரித்திரம் தொடங்குகிறது. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இங்கேயாவது கடைசி வரை இருங்கள்.

முதலில் சுற்று வட்டாரத்தை ஒரு பார்வை பார்ப்போம். பொலிவியா 1987 இல் தன் பணத்திலிருந்து ஆறு சைபர்களை வெட்டியது. பழைய பத்து லட்சம் பெசோவுக்குப் புதிய ஒரு பொலிவியானோ. பெரு 1991 இல் அதையே செய்தது. பத்து லட்சம் இன்டிக்கு ஒரு புதிய சோல். அர்ஜென்டினா 1970, 1983, 1985, 1992 என்று நான்கு முறை வெட்டியது. மொத்தம் போன சைபர்கள் பதின்மூன்று. 1981 இல் அந்த நாடு பத்து லட்சம் பெசோ நோட்டு ஒன்றை வெளியிட்டது. விடுதலை வீரர் சான் மார்ட்டின் படம் போட்ட கம்பீரமான நோட்டு. 1992 இல் வந்த புதிய பெசோவில் ஒன்று வேண்டுமென்றால், அந்தப் பத்து லட்சம் பெசோ நோட்டு ஒரு லட்சம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இவற்றில் சேகரிப்பவனுக்கு நிறையப் பாடம் சொல்லித் தருவது பிரேசில்தான். காரணம், அந்த நாடு தன் பண வரலாற்றை நோட்டின் மேலேயே முத்திரை குத்தி எழுதி வைத்திருக்கிறது.

பிரேசிலின் பழைய பணம் 'ரெய்ஸ்'. 1942 இல் ஆயிரம் ரெய்ஸை ஒரு 'குருசெய்ரோ' ஆக்கினார்கள். தென்திசை வானத்தில் தெரியும் சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் பெயர் அது. 1967 இல் ஆயிரம் குருசெய்ரோ ஒரு 'புதிய குருசெய்ரோ' ஆனது. 1970 இல் 'புதிய' என்ற சொல் மட்டும் போனது. 1986 இல் மறுபடி ஆயிரத்துக்கு ஒன்று, பெயர் 'குருசாடோ'. 1989 இல் மறுபடி ஆயிரத்துக்கு ஒன்று, 'புதிய குருசாடோ'. 1990 இல் மதிப்பு மாறாமல் பெயர் மட்டும் திரும்ப 'குருசெய்ரோ'. 1993 இல் மறுபடி ஆயிரத்துக்கு ஒன்று, 'குருசெய்ரோ ரெயால்'. கடைசியாக 1994 ஜூலை 1 அன்று 2,750 குருசெய்ரோ ரெயாலுக்கு ஒரு 'ரெயால்'. அந்த ரெயால்தான் இன்றும் நடக்கிறது.

பட்டியல் தலை சுற்றுகிறதா? வகுப்பில் என்றால் மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பேன். இப்போது ஒரு கணக்கு மட்டும் போதும். இன்றைய ஒரு ரெயால், 1942 ஆம் ஆண்டுக் குருசெய்ரோவில் 2,750 லட்சம் கோடி.

சைபர் வெட்டும் அறிவிப்பு பெரும்பாலும் திடீரென்று வரும். முன்கூட்டியே தெரிந்தால் ஜனங்கள் கடைகளையும் வங்கிகளையும் சூழ்ந்துவிடுவார்கள் அல்லவா? ஆனால் புது நோட்டு வரைந்து, தகடு வெட்டி, அச்சடிக்க மாதக்கணக்காகும். ஆகவே அச்சகத்திலிருந்த பழைய நோட்டின் மேலேயே புது மதிப்பை முத்திரையாக அடித்து அனுப்பினார்கள். 1986 இல் வட்ட முத்திரை. 1989 இல் முக்கோணம். 1990 இல் நீள்சதுரம். 1993 இல் மறுபடி வட்டம். பழகிவிட்டால் எழுத்தைப் படிக்காமலே முத்திரையின் வடிவத்தை வைத்து எந்தக் காலத்து நோட்டு என்று சொல்லிவிடலாம்.

இனி நோட்டில் இருக்கும் முகங்களைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1986 இல் 10,000 குருசெய்ரோ நோட்டில் வட்ட முத்திரை விழுந்து அது 10 குருசாடோ ஆனது. அதில் இருப்பவர் ரூயி பார்போசா. 1889 இல் பிரேசில் குடியரசானபோது முதல் நிதி அமைச்சர் அவர்தான். அவர் காலத்தில் நோட்டு அச்சடிக்கும் உரிமையை வங்கிகளுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். காகிதப் பணம் பெருகியது. புதுக் கம்பெனிகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன, பங்குச் சூதாட்டம் கொழுத்தது, கடைசியில் எல்லாம் சரிந்தது. 'என்சில்யமென்டோ' என்று அந்நாட்டு வரலாற்றில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அப்படிப்பட்ட நிதி அமைச்சரின் படத்தைப் போட்ட நோட்டுக்கே நூறு வருடம் கழித்து மூன்று சைபர் போனது.

அதே வருடம் 1,00,000 குருசெய்ரோ நோட்டு 100 குருசாடோ ஆனது. அதில் இருப்பவர் ஜுசெலினோ குபிச்செக். காட்டு வெளியில் பிரேசிலியா என்ற புதுத் தலைநகரத்தைக் கட்டி 1960 இல் திறந்துவைத்த ஜனாதிபதி. பெரிய சாதனைதான். அதற்கான செலவில் ஒரு பங்கு நோட்டடித்துச் செய்தது என்பதும், விலைவாசி அதனால் ஏறியது என்பதும் அதே சாதனையின் மறுபக்கம்.

1987 இல் வந்த 1,000 குருசாடோ நோட்டில் மச்சாதோ டி அசிஸ். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களின் பேரன். பிரேசிலின் மிகப் பெரிய நாவலாசிரியர் என்று போற்றப்படுபவர், அந்நாட்டு இலக்கிய அகாதமியின் முதல் தலைவர். நான் சொன்ன காகிதப் பணக் கூத்தைத் தன் நாவல் ஒன்றில் எழுதியவரும்கூட. இரண்டே வருடத்தில் அவருடைய ஆயிரத்தின் மேல் முக்கோண முத்திரை விழுந்தது. மதிப்பு: ஒன்று.

முத்திரைக்கு வெளியே ஊரில் என்ன நடந்தது? அதைச் சொல்லாமல் நோட்டை மட்டும் காட்டினால் அது ஸ்டாம்பு ஒட்டும் விளையாட்டாகிவிடும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியது. வெளிநாட்டுக் கடன் குவிந்தது. 1982 இல் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அரசின் செலவு வரவுக்குள் அடங்கவில்லை, துண்டு விழுந்ததை அடைக்க நோட்டு அச்சானது. இதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. நம் ஊரில் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பஞ்சப்படி ஏறுகிறதல்லவா, பிரேசிலில் 1964 முதலே கடன், வாடகை, வரி, பிறகு சம்பளம் என்று ஒவ்வொன்றையும் விலைவாசியோடு கட்டி வைத்திருந்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் நேற்று விலை ஏறியது என்பதற்காக இன்று ஏற்ற வேண்டும், இன்று ஏறியதற்காக நாளை ஏற்ற வேண்டும். புதுக் காரணமே தேவையில்லாமல் விலை தானாக ஓடும்.

1986 பிப்ரவரி 28 அன்று ஜனாதிபதி சார்னே விலைகளை அப்படியே உறைய வைத்தார். பொதுமக்கள் சட்டையில் 'நான் சார்னேயின் இன்ஸ்பெக்டர்' என்று அட்டை குத்திக்கொண்டு, கடைகளில் விலைப்பட்டியலோடு சரிபார்த்தார்கள். சில மாதம் நாடே திருவிழாவாக இருந்தது. ஆனால் விலை உறைந்த அன்று, முந்தின நாளே விலை ஏற்றியிருந்தவன் தப்பித்தான், அடுத்த வாரம் ஏற்றலாம் என்றிருந்தவன் மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் சரக்கை வெளியே விடவில்லை. இறைச்சி கடைகளிலிருந்து காணாமல் போனது. அரசு மேய்ச்சல் நிலங்களுக்கே போலீஸை அனுப்பி மாடுகளைப் பறிமுதல் செய்தது. நவம்பரில் தேர்தல் முடிந்த கையோடு விலைகளை ஏற்றினார்கள். முத்திரை குத்தியும் நோய் போகவில்லை.

1989 இல் முக்கோண முத்திரை. அந்த ஒரே வருடத்தில் விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 2,000 சதவீதம். 1990 மார்ச் மாதத்தில் மட்டும் 80 சதவீதத்துக்கு மேல்.

சதவீதம் என்றால் சிலருக்குக் கண் சொருகும் என்று எனக்குத் தெரியும். ரூபாயிலேயே சொல்கிறேன். ஒன்றாம் தேதி உங்கள் கையில் 100 ரூபாய் சம்பளம். மாதம் 40 சதவீதம் விலை ஏறினால், மாதக் கடைசியில் அந்த 100 வாங்கும் சரக்கு, ஒன்றாம் தேதி 71 ரூபாய்க்கு வாங்கியிருக்கக்கூடிய சரக்குதான். இப்படியே பன்னிரண்டு மாதம் போனால், 10 ரூபாய் சோப்பு 560 ரூபாயைத் தாண்டிவிடும். அதனால் சம்பளம் வாங்கிய அன்றே மாதத்துக்கான மொத்தச் சாமானையும் வாங்கிவிட ஜனங்கள் ஓடினார்கள். கடைகளில் விலைச்சீட்டு ஒட்டும் கருவியோடு ஆட்கள் அலமாரி அலமாரியாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் பொருளை எடுத்துவிட வேண்டும்.

இந்த ஓட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி அடிபடவில்லை. வங்கிக் கணக்கு உள்ளவன், இரவோடு இரவாக வட்டி ஏறும் கணக்கில் பணத்தைப் போட்டு ஓரளவு காப்பாற்றிக்கொண்டான். வாரக் கூலியை ரொக்கமாக வாங்கி மடியில் முடிந்துகொள்பவனுக்கு அந்த வசதி இல்லை. முடிச்சுக்குள்ளேயே பணம் கரைந்தது. பணவீக்கம் என்பது யாரும் சட்டசபையில் ஓட்டுப் போடாமல், ஏழையிடமிருந்து அதிகமாக வசூலிக்கும் வரி. பொருளாதாரப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள், அந்த வரிக்கு ரசீது வேண்டுமென்றால் என் ஆல்பத்தில் இருக்கிறது.

வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கும் ஒரு நாள் வந்தது. 1990 மார்ச் 15 அன்று கொலோர் ஜனாதிபதியானார். மறுநாளே அறிவிப்பு: கணக்கில் 50,000 புதிய குருசாடோவுக்கு மேல் இருக்கும் பணம் 18 மாதத்துக்கு முடக்கம். வீடு விற்ற பணம், மருத்துவத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வுபெற்றபோது வந்த பணம் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. நானும் பென்ஷன்காரன். பணிக்கொடையை வாங்கி வங்கியில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் இப்படி ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அத்தனை செய்தும் விலைவாசி சில மாதம் படுத்திருந்து மறுபடி எழுந்தது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த இத்தகைய திட்டங்களால் தங்கள் சேமிப்பு குறைந்தது என்று ஜனங்கள் போட்ட வழக்குகள் பல பத்தாண்டுகள் நடந்தன. 2017 இல்தான் வங்கிகளுக்கும் சேமிப்பாளர்களுக்கும் இடையே ஒரு பொது உடன்பாடு வந்தது.

என் ஆல்பத்தில் நான் அதிக நேரம் பார்ப்பது இந்தக் காலத்து நோட்டு ஒன்றைத்தான். 1989 இல் வந்த 100 புதிய குருசாடோ. படத்தில் இருப்பவர் செசிலியா மெய்ரெலெஸ். கவிஞர். பள்ளி ஆசிரியை. 1934 இல் ரியோ டி ஜெனிரோ நகரில் குழந்தைகளுக்கென்று நூலகம் நிறுவியவர். தாகூரைத் தன் மொழிக்குக் கொண்டுபோனவர். காந்தி மறைந்தபோது இரங்கல் கவிதை எழுதியவர். 1953 இல் நம் நாட்டுக்கே வந்தார், டெல்லிப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்தியாவைப் பற்றித் தனியாக ஒரு கவிதைத் தொகுப்பும் எழுதினார். பிரேசில் நோட்டில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது இவர்தான்.

புதிய குருசாடோ 1989 ஜனவரியில் பிறந்தபோது அரசு நிர்ணயித்த மதிப்பு ஒன்றுக்கு ஒரு டாலர். ஐந்தரை வருடம் கழித்து, 1994 ஜூலையில் ஒரு ரெயால் வேண்டுமானால் இந்த ஆசிரியையின் நூறு நோட்டு 27,500 கொடுக்க வேண்டும். அந்த ஒரு ரெயாலின் மதிப்பும் ஏறக்குறைய ஒரு டாலர்தான்.

பிறகு எப்படித்தான் நின்றது? வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1984 இலேயே பெர்சியோ அரிடா, ஆந்த்ரே லாரா ரெசென்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். பத்து வருடம் கழித்து, ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ நிதி அமைச்சராக இருந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. 1994 மார்ச் 1 முதல் 'யு.ஆர்.வி.' என்று ஓர் அளவை அறிமுகம் செய்தார்கள். அதற்கு நோட்டும் கிடையாது, நாணயமும் கிடையாது. கணக்கில் மட்டும் இருக்கும். இன்றைக்கு ஒரு யு.ஆர்.வி. எத்தனை குருசெய்ரோ ரெயால் என்று மத்திய வங்கி தினமும் அறிவிக்கும். சம்பளம், ஒப்பந்தம், பிறகு கடை விலை என்று ஒவ்வொன்றாக யு.ஆர்.வி.க்கு மாறின.

மார்ச் 1 அன்று ஒரு யு.ஆர்.வி. 647.50. ஜூலை 1 அன்று 2,750. நான்கு மாதத்தில் நான்கு மடங்குக்கு மேல் ஏற்றம். ஆனால் ஒரு யு.ஆர்.வி. என்று விலை எழுதிய பொருள் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றது. விலை ஓடுவதாக நினைத்திருந்த ஜனங்களுக்கு, ஓடுவது பணம்தான், பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. அந்தப் பழக்கம் மனதில் படிந்த பிறகு, ஜூலை 1 அன்று யு.ஆர்.வி.யையே 'ரெயால்' என்று பெயரிட்டு நோட்டாகக் கையில் கொடுத்தார்கள். இந்த முறை பழைய நோட்டில் முத்திரை கிடையாது. புத்தம் புது நோட்டு, அதில் பிரபல மனிதர்களின் முகங்களுக்குப் பதில் தேன்சிட்டு, நாரை, பஞ்சவர்ணக்கிளி, ஜாகுவார், மீன். ஜாகுவாரின் தலையில் மூன்று சைபரை வெட்டினாலும் அது வருத்தப்படாது என்று நினைத்தார்களோ என்னவோ!

1993 இல் 2,477 சதவீதமாக இருந்த விலையேற்றம் 1995 இல் 22 சதவீதம், 1996 இல் 10 சதவீதத்துக்கும் கீழ். சும்மா நடக்கவில்லை. அரசின் வரவு செலவைக் கொஞ்சம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள், இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், வட்டியை மிக உயரத்தில் வைத்தார்கள். அந்த வட்டியால் தொழில்கள் சிரமப்பட்டன, அரசின் கடன் வளர்ந்தது, 1999 ஜனவரியில் ரெயாலின் மதிப்பு சரிந்தது. இருந்தாலும் பழைய நோய் திரும்பவில்லை. முப்பது வருடமாகப் பெயர் மாறவில்லை, சைபர் போகவில்லை, முத்திரை விழவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். முத்திரையால் நோட்டின் எண்ணை மாற்ற முடியும், நம்பிக்கையை மாற்ற முடியாது. முந்தைய திட்டங்கள் இரவில் வந்து ஜனங்களைத் திகைக்க வைத்தன. கடைசித் திட்டம் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, நான்கு மாதம் பழக விட்டது. அதனால்தான் நின்றது என்று நினைக்கிறேன்.

நோட்டு சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. விலைக்காகச் சேர்க்காதீர்கள். 'கோடீஸ்வரன் ஆகலாம்' என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

2. தனி நோட்டாக வாங்குவதைவிடக் குடும்பமாக வாங்குங்கள். செசிலியா நோட்டு மூன்று விதமாக உண்டு: முத்திரை இல்லாத 100 புதிய குருசாடோ, நீள்சதுர முத்திரை விழுந்தது, பிறகு 100 குருசெய்ரோ என்றே அச்சானது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் கதை தானே பேசும்.

3. முத்திரையை உற்றுப் பாருங்கள். சாதாரண நோட்டில் போலி முத்திரை அடித்து விற்பது சுலபம். லென்ஸ் வைத்து, சந்தேகமில்லாத நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

4. உலக நோட்டுகளுக்கு ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய பட்டியல் இருக்கிறது. விற்பவரிடம் 'பிக் நம்பர்' கேளுங்கள், ஏமாற்றுவது குறையும்.

5. லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். கழுவி இஸ்திரி போடாதீர்கள். மட்டமான பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் வைத்தால் நோட்டு பிசுபிசுத்துப் பாழாகும். நோட்டுக்கென்றே விற்கும் உறையை வாங்குங்கள்.

கடைசியாக, ஆசிரியர் புத்தி போகாது, ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ எழுதி வைத்த பழைய வரவு செலவு நோட்டு இருந்தால் தேடி எடுங்கள். அதில் அரிசி, நல்லெண்ணெய், பால் என்ன விலை என்று எந்த வருடத்தில் எழுதியிருக்கிறது, அந்த வருடம் வீட்டுக்கு வந்த மாதச் சம்பளம் என்ன என்று இரண்டையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். விலையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடினால் இன்னும் நல்லது.

எல்லோரும் நலமாக இருங்கள்.